பொழுதும் முறைப்பணியும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து மாத நாவல், படக்கதை, திரைப்படத் துய்ப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் வெகுசனக் கலைவடிவங்களைக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆசிரியர், பனுவல், கருத்தியல் ஆகிய மூன்றையும் மையமிட்டே அமைந்துள்ளன. அவை எப்பொழுதில் நுகரப்பட்டன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. தொழிற்சாலைப் பணிநாள் வகுத்துத் தரும் இடைவெளிகளுக்கும் மாத நாவல், படக்கதை, திரைப்படம் ஆகியவற்றின் வடிவங்களுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. இக்கட்டுரை வாசகர் கணக்கெடுப்பு அன்று. சட்டம் வரையறுத்த பணிநாளின் அமைப்பையும் பனுவல்களின் புற, அக வடிவங்களையும் அருகருகே வைத்துக் காணும் வடிவ ஆய்வாகும்.

திறவுச்சொற்கள்: சிறுபொழுது, முறைப்பணி, மாத நாவல், படக்கதை, இடைவேளை, வாசிப்பு வரலாறு.

முன்னுரை

இராமானுசர் பிறந்த தலமாகவே நெடுங்காலம் அறியப்பட்ட திருப்பெரும்புதூர், கடந்த முப்பது ஆண்டுகளில் மகிழுந்து, கைப்பேசி, கண்ணாடி, உருளிப்பட்டை ஆகியவற்றின் ஊராக மாறியது. 1996இல் தொடங்கப்பட்ட ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து தன் முதல் மகிழுந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010இல் ரெனோ – நிசான் ஆலையும் 2012இல் டெய்ம்லர் வணிக ஊர்தி ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டன. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனச் சிப்காட் வளாகங்கள் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே தொடர்ந்து விரிந்தன.

இம்மாற்றத்தைப் பொருளியல் அறிஞரும் சமூகவியலாரும் விரிவாகப் பேசியுள்ளனர். தமிழாய்வு இதில் கேட்க வேண்டிய வினா வேறு. இவ்வாலைகளில் மூன்று முறைகளில் மாறி மாறி உழைக்கும் ஒருவர் கதையை எப்பொழுதில் துய்க்கிறார்? அப்பொழுதின் அளவும் தன்மையும் கதையின் வடிவத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன? பொருந்தாதபோது எது வளைகிறது, கதையா பொழுதா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொழுது என்னும் முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. முல்லைக்கு மாலையும் குறிஞ்சிக்கு யாமமும் பாலைக்கு நண்பகலும் உரியன என அந்நெறி வகுக்கிறது. பொழுது இங்கு நிகழ்ச்சிக்குப் பின்புலமாக மட்டும் நிற்பதில்லை. எவ்வுணர்வு எப்பொழுதில் தலைதூக்கும் என்பதை அது வரையறுக்கிறது. மாலை வந்தால் முல்லைத் தலைவியின் காத்திருப்பு கூர்மை பெறுகிறது. கால்நடை திரும்புவதும் விளக்கேற்றுவதும் அவ்வுணர்வின் உறுப்புகளாகின்றன.

பனுவலுக்குள் உள்ள பொழுதைப் பற்றிய இக்கோட்பாட்டைப் பனுவலைத் துய்ப்பவரின் பொழுதுக்கும் நீட்டித்துப் பார்க்கலாம். 'பொழுதுபோக்கு' என்னும் சொல்லே அதற்கு இடந்தருகிறது. பொழுது தானே கழிவதற்கும் ஒருவர் அதைப் போக்குவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் மாந்தர்க்குச் செயல் இல்லை. பின்னதில் அவர் எழுவாயாகிறார். போக்குவதற்குப் பொழுது தம் கையில் இருப்பவரே பொழுதுபோக்க இயலும்.

வேளாண் பணியின் பொழுது வேலையின் தன்மையால் அமைந்தது. நாற்று நட்டு முடியும்வரை ஒரு பொழுது. ஏற்றம் இறைத்து முடியும்வரை மற்றொன்று. ஆலைப் பணியின் பொழுது கடிகாரத்தால் அமைவது. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த வரலாற்று மாற்றத்தை இங்கிலாந்தை முன்வைத்து ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரை விளக்கியது. இங்கிலாந்தில் பல தலைமுறைகளாக நிகழ்ந்த அம்மாற்றத்தைத் திருப்பெரும்புதூர் வட்டாரத்துக் குடும்பங்கள் பல ஒரே தலைமுறையில் கண்டன. பெற்றோர் ஞாயிற்றைப் பார்த்து வயலுக்குச் சென்ற வீட்டில் பிள்ளைகள் வருகைப்பதிவுக் கருவியில் அட்டையைக் காட்டிவிட்டு ஆலைக்குள் நுழைந்தனர்.

பணிநாளின் அமைப்பு

இந்தியாவில் ஆலைப் பணிநாளைப் பல்லாண்டுகளாக நெறிப்படுத்தி வந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அச்சட்டப்படி வாரத்திற்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்பது வயதுவந்த தொழிலாளரின் பணிக்கு மேல்வரம்பு. தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காது, குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை தரவேண்டும். இடைவேளையும் சேர்த்துப் பணிநாள் பத்தரை மணி நேரத்திற்கு மேல் பரவலாகாது. 150க்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலையில் ஓய்வறையும் 250க்கு மேற்பட்டோர் உள்ள ஆலையில் உணவகமும் இருத்தல் வேண்டும்.

இவ்வரையறையிலிருந்து நான்கு இடைவெளிகள் தோன்றுகின்றன. முதலாவது, ஆலைக்குச் சென்று திரும்பும் பயண நேரம். நிறுவனப் பேருந்துகள் ஊர் ஊராகத் தொழிலாளரை ஏற்றிவருவதால் இது நாள்தோறும் இருமுறை வாய்க்கிறது. இரண்டாவது, பணிக்கு நடுவிலுள்ள இடைவேளை. மூன்றாவது, பணி முடிந்த பிறகு உறக்கத்திற்கு முன்னோ பின்னோ கிடைக்கும் பொழுது. நான்காவது, வார விடுமுறை. முறைப்பணியில் இவற்றுள் மூன்றாவது நிலையாக இராது. காலை 6 மணி முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 10 வரை, 10 முதல் காலை 6 வரை எனச் சுழலும் முறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டால், ஒரே தொழிலாளிக்கு ஒரு வாரம் மாலையும், மறுவாரம் முற்பகலும், அதற்கடுத்த வாரம் நண்பகலும் ஓய்வுப் பொழுதாகின்றன. முல்லையின் மாலை அவருக்கு மூன்று வாரத்தில் ஒருமுறையே முழுமையாகக் கிட்டுகிறது. இதனை 'முறைச் சிறுபொழுது' என இக்கட்டுரை வழங்குகிறது.

பணியின்போதே கதை கேட்கும் மரபும் உலகில் உண்டு. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல், ஒருவர் மேடையிலமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் உரக்க வாசிக்க, ஏனையோர் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்டனர். வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளரிடையிலும் இவ்வழக்கம் இருந்தது. வாசிப்பவரின் பங்குப் பீடிகளை ஏனையோர் சுற்றிக் கொடுத்தனர். அங்கெல்லாம் கை தானே வேலை செய்தது, காது ஓய்வாயிருந்தது. வேலையின் விரைவு கையின் விரைவாகவே இருந்தது. தொடரோட்டப் பொருத்துதளத்தில் நிலைமை வேறு. விரைவை இயந்திரம் வகுக்கிறது. ஓசை காதை நிறைக்கிறது. ஒவ்வொருவரும் தத்தம் நிலையத்தில் தனித்து நிற்கின்றனர். ஆதலின் கதை பணிக்களத்திலிருந்து வெளியேறிப் பணிநாளின் விளிம்புகளில் ஒதுங்குகிறது. வெகுசன வடிவங்களின் இயல்பை இவ்விளிம்புகளிலிருந்து காண்பதே பொருத்தமாகும்.

மாத நாவல்: நிறுத்தி மீளும் வடிவம்

தமிழில் மலிவுப் பதிப்புத் துப்பறியும் கதைக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், வை. மு. கோதைநாயகி அம்மாள் ஆகியோர் அதன் முன்னோடிகள். நாவலின் வருகை தமிழ்நாட்டில் வாசிப்புப் பழக்கத்தையே மாற்றியமைத்ததையும் அது எழுப்பிய ஒழுக்கக் கவலைகளையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் விளக்கியுள்ளார். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் அடுத்த கட்டம். எண்பதுகளில் மாத நாவல் பெருவழக்காயிற்று. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, தேவிபாலா, இந்திரா சௌந்தர்ராஜன், ரமணிசந்திரன் ஆகியோரின் பெயர்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அட்டைகளின் வழியே தமிழகமெங்கும் பரவின. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவராக அறியப்படுகிறார்.

மாத நாவலின் புறவடிவம் முதலில் கருதத்தக்கது. அது சாணித்தாளில் அச்சிடப்பட்டுக் கம்பி தைக்கப்பட்ட சிறு நூல். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும். பேருந்துக் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு மறுகையால் பிடித்துப் படிக்க இயலும். படித்து முடித்தபின் இருக்கையிலேயே விட்டுச் சென்றாலும் பெரிய இழப்பில்லை. வாங்குமிடமும் பேருந்து நிலையமே. ஆகவே இந்நூல் தோன்றுவதும் கைமாறுவதும் படிக்கப்படுவதும் பயணம் என்னும் ஒரே இடைவெளிக்குள் நிகழ்கின்றன. பழைய இதழ்களைக் குறைந்த கட்டணத்தில் தரும் வாடகை நூல்நிலையங்களும் இச்சுழற்சியில் பங்கு கொண்டன.

அகவடிவமும் இதற்கேற்பவே அமைந்தது. ஓர் இதழில் கதை தொடங்கி அவ்விதழிலேயே முடிகிறது. வார இதழ்த் தொடர்கதை வாசகரிடம் அடுத்த வாரமும் இதே பொழுது வாய்க்கும் என்னும் உறுதியை எதிர்பார்க்கிறது. முறைச் சிறுபொழுதில் வாழ்பவரிடம் அவ்வுறுதி இல்லை. மாத நாவல் அதனை எதிர்பார்ப்பதில்லை. இயல்கள் சில பக்கங்களே நீள்கின்றன. ஒவ்வோர் இயலின் இறுதியிலும் ஒரு திருப்பம் அமைகிறது. இதனை வாசகரைப் பிடித்து வைக்கும் உத்தி என்று மட்டுமே விமரிசகர் கண்டனர். அதற்கு மற்றொரு பயனும் உண்டு. பேருந்து ஆலை வாயிலில் நிற்கும்போது வாசகர் நூலை மூட வேண்டியுள்ளது. எட்டு மணி நேரம் கழித்து, உடல் சோர்ந்த நிலையில், விட்ட இடத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. இயல் இறுதியிலுள்ள திருப்பம் அந்நினைவுக்கு முடிச்சாகிறது.

ராஜேஷ்குமார் பெரிதும் கையாண்ட இருதடக் கதைசொல்லலையும் இவ்வகையில் நோக்கலாம். ஒற்றை இயல்களில் ஒரு கதையும் இரட்டை இயல்களில் மற்றொரு கதையும் சென்று இறுதியில் இணையும் முறை அது. ஒரு தடத்தின் விவரம் மங்கினாலும் மறுதடம் வாசகரை ஏந்திக்கொள்கிறது. விவேக் – ரூபலா, பரத் – சுசீலா, நரேந்திரன் – வைஜயந்தி என மீண்டும் மீண்டும் வரும் இணைகளும் இதே பயனைத் தருவன. மாந்தரை அறிமுகப்படுத்த இடம் செலவாவதில்லை. வாசகர் எந்த மாதத்திலும் உள்நுழையலாம். முல்லை என்றதும் மாலையும் காத்திருப்பும் நினைவில் எழுவதுபோல, விவேக் என்றதும் ஓர் உலகம் முழுமையாக எழுகிறது. மரபான வடிவம் குறைந்த சொல்லில் நிறைந்த பொருளைத் தரும் என்பது தமிழ்க் கவிதையியலார் நன்கறிந்த உண்மை. அவ்வுண்மையை மாத நாவலுக்கு மறுக்க வேண்டியதில்லை.

படக்கதை: கை மட்டும் தெரியும் மாந்தன்

தமிழ்ப் படக்கதை வரலாற்றில் சிவகாசிக்குத் தனியிடம் உண்டு. 1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியப் படக்கதையொன்றை 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் தன் முதல் இதழாக வெளியிட்டது. 1984இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வெளிவந்தது. டெக்ஸ் வில்லர் என்னும் இத்தாலியக் கதைத்தலைவர் தமிழ் பேசியதும் சிவகாசியின் வழியாகவே. இடையில் தளர்ந்த லயன் காமிக்ஸ் 2012இல் புதுப் பொலிவுடன் மீண்டது. அவ்வாசகருள் கணிசமானோர் சிறுவர் அல்லர். சிறுவராயிருந்தபோது படித்து, இப்போது வேலைக்குச் செல்லும் வயதை அடைந்தோர்.

படக்கதையின் துய்ப்பு நேரம் மாத நாவலினும் குறுகியது. ஒரு பக்கம் ஒரே பார்வையில் ஒரு நிகழ்ச்சியைத் தந்துவிடுகிறது. உணவு இடைவேளையின் அரை மணியில் வரிசையில் நிற்பதும் உண்பதும் போக எஞ்சும் சில நிமிடங்கள் அதற்குப் போதும். எழுத்தைத் தொடர்ந்து படிக்க இயலாத சோர்விலும் கண் படத்தைத் தொடரும்.

இரும்புக்கை மாயாவியின் கதையமைப்பு இங்குத் தனியே கருதத்தக்கது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பெறுகிறார். உயர்மின்னழுத்தம் பாயும்போது அவர் உடல் முழுதும் மறைகிறது. இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஆலைத் தொழிலாளரைக் 'கைகள்' என்றே குறிக்கும் வழக்கு இருந்தது. சார்லஸ் டிக்கின்சு 1854இல் வெளியிட்ட 'ஹார்டு டைம்ஸ்' நாவலில் அவ்வழக்கைக் கடுமையாக எள்ளினார். உழைப்பவரின் முகம் மறைந்து கை மட்டும் கணக்கில் வருவதை அவ்வழக்கு காட்டுகிறது. மாயாவியின் உருவம் இதே நிலையைத் தலைகீழாக்குகிறது. மறைவு அவருக்கு இழிவாகாமல் ஆற்றலாகிறது. காயம்பட்ட கையே அவ்வாற்றலின் வாயிலாகிறது. படைத்தோர் இதனைக் கருதிப் படைத்தனர் என்பது இங்கு வாதமன்று. இயந்திரங்களுக்கு நடுவே கை எப்பொழுதும் இடருக்குள்ளாகும் ஓரிடத்தில், இக்கதையுருவம் பெறக்கூடிய பொருள் சிவகாசியில் அது அச்சான நாளில் பெற்ற பொருளினும் விரிவானது என்பதே சுட்டப்படுகிறது. இடம் மாறும்போது பனுவலின் இறைச்சியும் மாறும்.

திரைப்படம்: இரு இடைவேளைகள்

'இடைவேளை' என்னும் சொல் தமிழில் ஆலைக்கும் திரையரங்கிற்கும் பொதுவானது. ஆலையில் அது வேலைக்கு நடுவே வரும் ஓய்வு. திரையரங்கில் கதைக்கு நடுவே வரும் ஓய்வு. திரைப்படம் ஏனைய இரு வடிவங்களைப் போல இடைவெளிக்குள் அடங்குவதன்று. பயணமும் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரத்தை ஒருசேர வேண்டுவது. எனவே அது முறைப்பணியோடு நேரடியாக மோதுகிறது. காலைமுறை முடிந்தவர் மாலைக் காட்சிக்குச் செல்லலாம். இரவு 10 மணிக்கு விடுபடுபவருக்கு இரண்டாம் ஆட்டத்தின் தொடக்கம் தவறிவிடுகிறது. இரவுமுறை முடிந்தவர் பகற்காட்சிக்குச் செல்லின் உறக்கத்தை விலையாகத் தரவேண்டும். நண்பர் பலரும் வெவ்வேறு முறையில் பணியாற்றின் ஒருங்கே படம் பார்த்தல் வார விடுமுறையில் மட்டுமே கைகூடும். முறைப்பணி தனிமனிதரின் பொழுதைக் குறைப்பதோடு கூட்டாகத் துய்க்கும் பொழுதையும் சிதறடிக்கிறது.

இம்மோதலைத் தமிழ்த் திரைப்படமே பேசியுள்ளது. பி. வாசு இயக்கி 1992இல் வெளிவந்த 'மன்னன்' படத்தில் ஆலைத் தொழிலாளர் இருவர் பொய்க் காரணம் கூறி விடுப்புப் பெற்றுத் திரையரங்கிற்குச் செல்கின்றனர். அங்குக் கிடைத்த பரிசே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மூன்று தலைமுறையினர் கண்டு நகைத்த அந்நகைச்சுவைப் பகுதியின் அடிநிலம் மெய்யானது. படம் பார்ப்பதற்கான பொழுது தமக்கு உரிமையாக வாய்க்காதபோது அதனைத் திருட வேண்டியிருக்கிறது. அரங்கில் அமர்ந்து அக்காட்சியைக் காண்பவரும் ஒருவேளை அவ்வாறே வந்திருப்பவர். நகைப்பின் முழுமைக்கு அதுவே காரணம்.

எம். எஸ். எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். படங்களை ஆராய்ந்து 1992இலும், சாரா டிக்கி மதுரையின் உழைக்கும் மக்களிடையே கள ஆய்வு செய்து 1993இலும் வெளியிட்ட நூல்கள், திரைப்படத்திற்கும் எளிய மக்களுக்கும் உள்ள உறவை அரசியல், கனவு என்னும் இரு நிலைகளில் விளக்கின. அவற்றோடு பொழுது என்னும் மூன்றாம் நிலையையும் சேர்த்தல் வேண்டும்.

பெண் தொழிலாளரும் தமக்கான பொழுதும்

மின்னணு ஆலைகளின் வருகையால் இத்தொழில்வழித்தடத்தில் இளம்பெண்கள் பெருந்தொகையினராயினர். தொழிற்சாலைகள் சட்டத்தில் பெண்களின் இரவுப்பணிக்கு இருந்த தடையை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. பாதுகாப்பு நிபந்தனைகளுடன் இரவுமுறை அவர்களுக்கும் உரியதாயிற்று. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி திறக்கப்பட்டது. ஓர் ஊருக்கு நிகரான மக்கள்தொகை இது.

விடுதி வாழ்க்கையில் உறங்கும் அறையும் பிறரோடு பகிரப்படுவது. ஒருவர் உறங்கும்போது மற்றொருவர் விழித்திருப்பார். தனக்கென ஓரிடம் இல்லாத அச்சூழலில் தனக்கென ஒரு பொழுதைக் கதையே அமைத்துத் தருகிறது. ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளிதருவது. அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகியரை ஆராய்ந்த அவர், கதையின் பொருள் வேறு, வாசித்தல் என்னும் செயலின் பொருள் வேறு எனப் பிரித்துக் காட்டினார். கதை மரபான இல்லறத்தை வற்புறுத்தலாம். ஆயினும் நூலைக் கையிலெடுத்தல், இப்பொழுது எனக்குரியது என்று சுற்றத்தாருக்கு அறிவிக்கும் செயலாகிறது. ரமணிசந்திரன் நாவல்களைக் குறித்த தமிழ் மதிப்பீடுகள் இவ்விரண்டில் முன்னதை மட்டும் கண்டு நின்றுவிட்டன. ராட்வேயின் வாசகியருள் பலர் இல்லத்தரசியர். இங்கு உள்ளோர் கூலி ஈட்டுவோர். இவ்வேறுபாட்டையும் கருத்திற்கொண்டு தமிழ்ச்சூழலுக்குரிய விளக்கத்தை நாம் உருவாக்குதல் வேண்டும்.

கைப்பேசிக்குப் பின்

கைப்பேசியை உற்பத்தி செய்த இவ்வட்டாரத்தில் மாத நாவலின் இடத்தைக் கைப்பேசியே பிடித்தது ஒரு வரலாற்று முரண். தானே ஒளிரும் அதன் திரை, விளக்கணைத்த பேருந்திலும் உறங்குவோர் நிறைந்த அறையிலும் படிக்க உதவுகிறது. 2014இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற தளங்களில் தமிழ்த் தொடர்கதைகள் மிகுதியாக எழுதப்படுகின்றன. எழுதுவோருள் பெண்கள் பலர். ஒலிக்கதைகளும் பெருகியுள்ளன. கண்ணை மூடியபடி கேட்கலாம் என்பதால் சோர்ந்தவருக்கு அவை ஏற்றவை. சுருட்டு ஆலையில் உரக்க வாசித்தவரின் குரல் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே ஒலிப்பதாக இதனைக் கொள்ளலாம். ஆனால் கூடிக் கேட்டலும் கேட்டபின் உரையாடலும் இங்கு இல்லை.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மாத நாவல் முடியும் தன்மையது; கைப்பேசியின் காட்சியோட்டம் முடிவற்றது. நூறு பக்கம் முடிந்தால் வாசகர் உறங்கச் செல்வார். ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே தொடங்கும் திரையில் உறக்கத்திற்கான எல்லையை அவரே வகுக்க வேண்டும். வடிவத்தின் முடிவு வாசகரின் பொழுதுக்கு ஒரு வேலியாக இருந்தது என்பது அவ்வேலி நீங்கியபின்னரே புலனாகிறது.

மதிப்பீட்டுச் சிக்கலும் பொழுதுரிமையும்

வெகுசன எழுத்தை மறுத்த க. நா. சு. முதலிய விமரிசகரின் தரக்கவலையைத் தள்ளிவிட இயலாது. விரைந்து எழுதப்பட்டவற்றில் மொழி தேய்கிறது. பெண்ணைக் குறித்த நோக்கு பல கதைகளில் பிற்போக்கானது. குற்றத்தின் சமூகக் காரணம் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. இவற்றை ஒளிப்பது ஆய்வாகாது. ஆயினும் 'தப்பித்தல்' என்னும் ஒற்றைச் சொல்லால் இத்துய்ப்பு முழுவதையும் விளக்குதல் போதாது. எதிலிருந்து, எவ்வளவு நேரம், எங்குத் தப்பித்தல் என்னும் வினாக்களுக்கு அச்சொல் விடை தருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தொழிலாளர் இரவில் உறக்கத்தை ஒறுத்துக் கவிதையும் கட்டுரையும் எழுதியதை ழாக் ரான்சியேர் 1981இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். பகலில் உழைப்பவன் இரவில் உறங்கி மறுநாள் உழைப்புக்கு ஆயத்தமாக வேண்டும் என்னும் விதியை மீறியதே அவர்களின் முதற்செயல் என்பது அவர் காட்டிய உண்மை. துப்பறியும் கதைக்காக அரை மணி உறக்கத்தை விட்டுக்கொடுப்பவரும் சிறிய அளவில் அவ்விதியையே மீறுகிறார்.

இப்பொழுதின் அளவு இயற்கையாக அமைந்ததன்று, போராடிப் பெறப்பட்டது. உழைப்பு, ஓய்வு, தமக்குரிய பொழுது ஆகிய மூன்றிற்கும் எட்டெட்டு மணி நேரம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் இயக்கத்தின் கோரிக்கை. மூன்றில் ஒரு பங்கு, வாழ்வைத் துய்ப்பதற்கே கோரப்பட்டது என்பதை இலக்கிய மாணவர் மறக்கலாகாது. இந்தியாவின் முதல் மே நாள் விழாவை 1923இல் சென்னைக் கடற்கரையில் ம. சிங்காரவேலர் நடத்தினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21ஆம் நாள், 12 மணி நேரப் பணிக்கு இடந்தரும் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பினால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

அம்முன்வடிவு வார அளவான 48 மணியை மாற்றவில்லை. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். கூட்டினால் இரண்டும் ஒன்றே. ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அவ்வாறன்று. பயணத்திற்கு 3 மணியும் உறக்கத்திற்கு 7 மணியும் எனக் கொள்வோம். எட்டு மணி நேரப் பணிநாளில் எஞ்சுவது 6 மணி. பன்னிரண்டு மணி நேரப் பணிநாளில் எஞ்சுவது 2 மணி. சமைத்தலும் துவைத்தலும் குடும்பத்தாரோடு பேசுதலும் அவ்விரண்டு மணிக்குள் அடங்கவேண்டும். பொழுது என்பது சேர்த்துவைத்துப் பின்னர்ச் செலவிடும் பொருளன்று. திங்களின் மாலையை வெள்ளியில் பெற இயலாது. இதனைச் சிறுபொழுதுக் கோட்பாட்டை அறிந்த தமிழாய்வாளர் பிறரினும் தெளிவாக எடுத்துரைக்க முடியும்.

முடிவுரை

மாத நாவலின் கையடக்கமும் முடிவும், படக்கதையின் ஒருபார்வைப் பக்கம், திரைப்படத்தின் இடைவேளை ஆகியவை உழைப்போரின் பொழுதோடு உறவுடையன என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. மாத நாவலும் படக்கதையும் பணிநாளின் இடைவெளிக்குள் அடங்கின. திரைப்படம் அதனோடு மோதியது. கைப்பேசிக் கதை அவ்விடைவெளியின் எல்லையையே அழிக்க முற்படுகிறது.

இவ்வாய்வு மேலும் செல்லவேண்டிய திசைகள் மூன்று. முதலாவது, சேகரிப்பு. சாணித்தாள் நீடித்து நில்லாது. படித்தவுடன் விட்டுச்செல்லப்படும் நூல் நூலகத்தை அடைவதுமில்லை. 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் வெகுசன அச்சு வெளியீடுகளையும் பேணிக் காட்டிய வழியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் பின்பற்றலாம். இரண்டாவது, வாய்மொழிப் பதிவு. எந்தக் கதையைப் படித்தீர் என்பதோடு எந்த முறையில், எந்தப் பேருந்தில், எத்தனை நாளில் படித்து முடித்தீர் என்றும் வினவுதல் வேண்டும். மூன்றாவது, பொது நூலகம். தொழிற்சாலைகள் சட்டம் இயற்றப்பட்ட அதே 1948இல்தான் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒன்று உழைப்பின் பொழுதையும் மற்றொன்று வாசிப்பின் இடத்தையும் வரையறுத்தன. ஆயினும் பகற்பொழுதில் மட்டும் திறந்திருக்கும் நூலகம் முறைப்பணியாளரின் பொழுதை அறிந்திருக்கவில்லை. இரவு 10 மணிக்கு ஆலையை விட்டு வருபவருக்கும் காலை 6 மணிக்கு வருபவருக்கும் கதவு திறந்திருக்கும் நூலகம் ஒன்று ஒரகடம் நாற்சந்திக்கு அருகே அமையுமாயின், அவ்விரு சட்டங்களும் முதன்முறையாக ஓரிடத்தில் சந்திக்கும்.